யன்னலுக்குள் எவர்? – மாதிரி வீடுகளும் போர் விளையாட்டின் அறமும்

1

அறவியல் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் பெருஞ்செயல்களையே எடுத்துக்காட்டாகக் கொள்வர். கொலை, களவு, பொய், துரோகம், தியாகம் என்பனவே அவர்தம் ஆராய்ச்சிக்குரிய பொருள்கள். ஓய்வு நேரத்தில் ஒருவர் தம் அறைக்குள் இருந்து செய்யும் சிறு கைவேலை அத்தகைய ஆராய்ச்சிக்கு உரியதன்று என்பது அவர்தம் எண்ணம் போலும். ஆயின், பிழைப்புக்காகச் செய்யும் தொழிலில் ஒருவரைக் கடமையும் ஊதியமும் நடத்திச் செல்கின்றன. ஓய்விலோ அவர் தம் விருப்பத்தின் வழியே செல்கிறார். எதனை உற்று நோக்க வேண்டும், எதனைக் காணாது விட வேண்டும் என்பதை அங்கு அவரே தீர்மானிக்கிறார். ஆதலின், மனிதரின் அறவுணர்வை அறிவதற்கு அவர்தம் விளையாட்டும் தக்கதொரு களமாகும்.

இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் விளையாட்டு மேசைப் போர் விளையாட்டு ஆகும். பிரித்தானியாவிலும் ஏனைய ஐரோப்பிய நாடுகளிலும் வட அமெரிக்காவிலும் வளர்ந்த பொழுதுபோக்கு இது. அகன்ற மேசையொன்று நிலமாகக் கொள்ளப்படும். அதன்மீது குன்றும் வேலியும் வீதியும் ஆறும் அமைக்கப்படும். விரலளவேயான போர்வீரர் உருவங்கள் இரு பக்கமும் அணிவகுத்து நிற்கும். அளவுகோலாலும் தாயக்கட்டைகளாலும் அவ்வுருவங்களின் நகர்வும் சூடும் சாவும் தீர்மானிக்கப்படும். வீரர்களுக்கிடையே வீடுகளும் நிற்கும். பண்ணை வீடு, தேவாலயம், தொடர்மாடி, இடிந்த சுவர் எனப் பல வகையான மாதிரிக் கட்டடங்கள் அட்டையாலும் மரத்தாலும் பிளாஸ்ரிக்காலும் செய்யப்பட்டு, நுண்ணிய தூரிகையால் வண்ணந் தீட்டப்பட்டு அம்மேசையில் இடம்பெறும். விளையாடும் நேரத்திலும் பன்மடங்கு நேரத்தை இவ்வண்ணந் தீட்டும் வேலையில் செலவிடுவோர் பலர்.

அக்கட்டடங்களின் யன்னல்களை எவ்வாறு தீட்டுவது என்பது அக்கைவினைஞரிடையே ஓயாது பேசப்படும் ஒரு தொழில்நுட்ப வினா. அது தொழில்நுட்ப வினாவாக மாத்திரம் நின்றுவிடக்கூடியதா என்பதே இங்கு ஆராயப்படுவது. இவ்வினாவின் அடியில் அறவியல் வினா ஒன்று உண்டு. விளையாட்டின் விதி மறந்துவிட்ட அவ்வினாவைத் தூரிகையே மீண்டும் எழுப்புகின்றது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

2

முதலில் இவ்விளையாட்டின் வரலாற்றைச் சுருக்கமாக நோக்குதல் தகும். யேர்மன் நாட்டில், பிறன்சுவிக்கில் வாழ்ந்த ஹெல்விக் என்பார் சதுரங்கத்தை விரித்து 1780 இல் ஒரு போர் விளையாட்டை வெளியிட்டார். 1812 இல் பிரசிய மன்னருக்கு றைஸ்விற்ஸ் என்ற பிரபு ஒரு மேசையைச் செய்து அளித்தார். நிலத்தின் மேடுபள்ளங்கள் அதிலே சிறு தகடுகளில் வடிக்கப்பட்டு, விரும்பியவாறு மாற்றி அடுக்கத்தக்கனவாய் இருந்தன. அவருடைய மகன் பிரசியப் படையில் அதிகாரியாக இருந்தவர். அவர் 1824 இல் வெளியிட்ட விதிகள் 1:8000 என்ற அளவிலான வரைபடத்தின்மீது துருப்புகளைச் சிறு துண்டுகளாக நகர்த்தி ஆடுதற்கு உரியவை. 1870–71 இல் பிரசியா பிரான்சை வென்றதன் பின்னர் ஏனைய நாட்டுப் படைகளும் இம்முறையை மேற்கொண்டன. இவ்விளையாட்டு, ஆகவே, படைத்தலைவரைப் பயிற்றும் கருவியாய்ப் பிறந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. படைத்தலைவனுக்கு ஊர் என்பது கைப்பற்ற வேண்டிய ஓரிடம். வரைபடத்தில் அது சில கறுப்புச் சதுரங்கள். அச்சதுரங்களுக்கு யன்னல்கள் இல்லை.

யன்னல்களை உடைய வீடு மேசைக்கு வந்தது பிறிதொரு வழியாலாகும். வில்லியம் சைபோண் என்ற பிரித்தானிய அதிகாரி வாட்டர்லூப் போரின் மாதிரி ஒன்றை அமைக்க 1830 இல் பணிக்கப்பட்டார். 1815 யூன் 18 இல் நடந்த அப்போரின் களத்தை அளந்து அறிவதற்காக அவர் அக்களத்தின் நடுவேயிருந்த லா ஹே செயின்ற் என்ற பண்ணை வீட்டில் எட்டு மாதங்கள் தங்கினார். போரில் ஈடுபட்ட அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதி, யார் எந்நேரத்தில் எங்கு நின்றனர் என்று கேட்டறிந்தார். பல்லாயிரம் நுண்ணிய உருவங்களைக் கொண்ட அம்மாதிரி 1838 இல் இலண்டனில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. இன்று அது அந்நகரின் தேசியப் படை அருங்காட்சியகத்தில் உள்ளது. சைபோண் விளையாட்டை நோக்காகக் கொண்டவரல்லர். ஆயினும், ஒரு போரைச் சிற்றுருவில் அமைப்பவர் உண்மைக்குக் கட்டுப்பட்டவர் என்ற கொள்கையை அவர் தம் வாழ்வாலும் கடனாலும் நிலைநாட்டினார். பிற்காலத்து மாதிரி செய்வோர் அனைவரும் ஏதோ ஒரு வகையில் அவர் வழிவந்தோரே.

எச். ஜி. வெல்ஸ் 1913 இல் வெளியிட்ட ‘சிறு போர்கள்’ என்ற நூல் இவ்விளையாட்டைப் பொதுமக்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தது. வில்விசையால் சிறு மரத்துண்டுகளை எறியும் விளையாட்டுப் பீரங்கிகளைக் கொண்டு ஈய வீரரை வீழ்த்தும் முறையை அவர் வகுத்தார். இச்சிறு போரை ஆடிப் பார்ப்பவர் பெரும்போர் எத்துணை மூடத்தனமானது என்பதை உணர்வார் என அந்நூலின் இறுதியில் அவர் வாதிட்டார். அடுத்த ஆண்டே முதலாம் உலகப் போர் மூண்டது. அப்போரைப் போருக்கு முடிவு கட்டும் போர் என வருணித்து நூலெழுதியவரும் அதே வெல்ஸ்தான். விளையாட்டு அறிவூட்டும் என்ற அவரது நம்பிக்கை முற்றும் பொய்யன்று. ஆயின் அறிவு தானாக ஊட்டப்படுவதன்று என்பதற்கு அவரே சான்றாகிறார்.

3

இனி யன்னலுக்கு வருவோம். இன்று பெரிதும் வழங்கும் போர்வீரர் உருவங்கள் ஏறத்தாழ 28 மில்லிமீற்றர் உயரமுடையன. அவற்றுக்கேற்ற வீடு ஏறத்தாழ 1:56 என்ற அளவில் அமையும். உண்மையில் 1.2 மீற்றர் உயரமுள்ள யன்னல் இங்கு 21 மில்லிமீற்றராகச் சுருங்கும். கண்ணாடித் துண்டுகளைப் பிரிக்கும் மரச்சட்டத்தின் அகலம் அரை மில்லிமீற்றரும் இராது. பெரும்பாலான மாதிரிகளில் யன்னல் உண்மையான திறப்பன்று. சுவரோடு சேர்த்து வார்க்கப்பட்ட புடைப்பே அது. அதன் பின்னே அறை இல்லை. பிளாஸ்ரிக்கோ பிசினோதான் உண்டு. அத்திண்மையான பரப்பைத் திறப்பாகத் தோற்றச் செய்வதே தீட்டுவோரின் பணி.

இதற்கு மூன்று வழிகள் கூறப்படுகின்றன. முதலாவது, கண்ணாடிப் பகுதி முழுவதையும் கறுப்பாக்குதல். இரண்டாவது, கருநீலத்தில் தொடங்கி ஒரு மூலைநோக்கிச் சாய்வாக வெளிறிச் செல்லும் நிறங்களால் வானத்தின் பிரதிபலிப்பைக் காட்டி, மேலே பளபளப்பான வார்னிஷ் பூசுதல். மூன்றாவது, மஞ்சளும் செம்மஞ்சளும் கொண்டு உள்ளே விளக்கெரிவதுபோலத் தீட்டி, யன்னற் படியிலும் அவ்வொளி படிந்ததாகக் காட்டுதல்.

இம்மூன்றும் வெறும் அலங்கார வேறுபாடுகள் அல்ல. ஒவ்வொன்றும் உலகைப் பற்றிய ஒரு கூற்றாகும். பகலில் வெளியே நின்று நோக்குபவருக்கு யன்னல் இருண்டு தோன்றுவது ஏன்? உள்ளே புகுந்த வெளிச்சம் சுவரிலும் தளபாடத்திலும் பட்டுப் பட்டுத் தேய்ந்து, மிகச் சிறு பகுதியே வெளியே திரும்புவதனாலாகும். அவ்விருள், எனவே, வெறுமையின் இருளன்று. அறையொன்று உண்டு என்பதன் விளைவு. மேல்மாடி யன்னல் வானத்தைக் காட்டுவது ஏன்? நேராக நோக்கும்போது கண்ணாடி தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ நூற்றுக்கு எட்டுப் பங்கையே திருப்பும். சாய்ந்து நோக்க நோக்க அப்பங்கு பெருகும். வீதியில் நிற்பவர் மேல்மாடியைச் சாய்வாகவே காண்கிறார். ஆதலின் அங்கு அறை மறைந்து வானம் தோன்றுகிறது. தேர்ந்த வினைஞர் இதனை நூலிற் கற்றாரல்லர். தம் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்துக் கற்றனர். ஒரே யன்னலின் கண்ணாடித் துண்டுகள் அனைத்தையும் ஒரே நிறத்தில் தீட்டலாகாது என்பதையும், பழைய கண்ணாடி சமதளமன்று என்பதையும், உடைந்த கண்ணாடியின் இடம் உடையாத கண்ணாடியிலும் கருமையானது என்பதையும் அவர்கள் அவ்வாறே அறிந்தனர்.

மூன்றாவது வழி இன்னும் கடினமான வினாவை எழுப்புவது. விளக்கெரியும் யன்னல் அழகியது, மேசைக்கு உயிரூட்டுவது. ஆயின், இரண்டாம் உலகப் போர்க்காலத்துப் பிரித்தானிய ஊரொன்றின் இரவில் அது பொய்யாகும். 1939 செப்டெம்பர் 1 முதல் அந்நாட்டில் இருட்டடிப்பு நடைமுறையில் இருந்தது. யன்னல்கள் கரிய திரையாலும் அட்டையாலும் மூடப்பட்டன. 1944 செப்டெம்பரில்தான் அக்கட்டுப்பாடு தளர்த்தப்பட்டது. குண்டின் அதிர்ச்சியில் கண்ணாடி சிதறாதிருக்கும்பொருட்டுக் காகிதப் பட்டிகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிவைத்தனர். அவ்வூரைத் தீட்டுபவர் உண்மையைப் பேண விரும்பின், விளக்கை அணைக்க வேண்டும்; மெல்லிய வெளிர்நிறக் கோடுகளால் அப்பட்டிகளை வரையவும் வேண்டும். இங்கு நிகழ்வதைக் கூர்ந்து நோக்குக. தூரிகை கண்ணாடியைத்தான் தீட்டுகின்றது. ஆயின் தீட்டப்படுவது கண்ணாடியன்று. கண்ணாடியின் பின்னிருந்த ஒருவரின் அச்சமும் அவர் தம் குழந்தைகளுக்காக எடுத்த முன்னெச்சரிக்கையுமாகும். ஒளியைச் சரியாகத் தீட்ட முயன்றவர், தாம் எண்ணாமலே, வீட்டிலிருந்தவரிடம் வந்து சேர்கிறார்.

சொல்லின் வரலாறும் இவ்விடத்து நினைக்கத்தக்கது. யன்னல் என்னும் சொல் போர்த்துக்கேயரிடமிருந்து நாம் பெற்றது. அதற்கு முன் நம்மிடையே வழங்கிய பெயர்களுள் ஒன்று காலதர். காற்றுச் செல்லும் வழி என்பது அதன் பொருள். ஆங்கிலச் சொல்லோ பழைய நோர்ஸ் மொழியில் காற்றின் கண் எனப் பொருள்படும் கூட்டுச்சொல்லிலிருந்து வந்தது. உள்ளே மூச்சுவிடுவோர் இருப்பதனாலேயே சுவரில் காற்றுக்கு வழி வேண்டியதாயிற்று. எவரும் வாழாத கட்டடத்துக்கு யன்னல் தேவையில்லை.

4

விளையாட்டின் விதி இதனை எவ்வாறு நோக்குகின்றது? விதிநூல்களில் வீடு என்பது காப்பு. மரவீடு குறைந்த காப்பு. கல்வீடு மிகுந்த காப்பு. அதற்குள் எத்தனை வீரர் புகலாம், எவ்வளவு நேரத்தில் புகலாம், எந்த யன்னலிலிருந்து எத்திசையில் சுடலாம் என்பன வகுக்கப்பட்டிருக்கும். யன்னல் சூடு வெளிவரும் துவாரம். பார்வைக்கோடு தொடங்கும் புள்ளி. வீட்டுக்காரரைப் பற்றி விதி பெரும்பாலும் பேசுவதில்லை. அவர் இருந்தாரா, ஓடினாரா, இறந்தாரா என்பது எப்புள்ளிக் கணக்கிலும் சேர்வதில்லை.

ஆகவே ஒரே மனிதர் ஒரே வீட்டோடு இருவகை உறவு கொள்கிறார். தீட்டும்போது அவர் அமர்ந்திருக்கிறார். வீடு அவர் கண்மட்டத்தில் உள்ளது. யன்னல் அவரை நோக்குகிறது. ஆடும்போது அவர் நிற்கிறார். வீடு கீழே கிடக்கிறது. அவருக்குத் தெரிவது கூரை. மேசையருகே நிமிர்ந்து நிற்பவர் தாம் ஒரு வாரம் உழைத்துத் தீட்டிய யன்னலைக் காண வேண்டின் குனிய வேண்டும். ஆட்டத்தின் விரைவில் எவரும் குனிவதில்லை. மேலிருந்து நோக்கும் இப்பார்வை மேசைக்கு மாத்திரம் உரியதன்று. வரைபடத்தின்மீது குனிந்த தளபதிக்கும், வானூர்தியிலிருந்து குண்டெறிந்தவனுக்கும் தெரிந்தது கூரைதான். இருபதாம் நூற்றாண்டில் ஊர்களுக்கு நேர்ந்த அழிவின் பெரும்பகுதி யன்னலைக் காணத் தேவையில்லாதவர்களால் நேர்ந்தது. லெவி-ஸ்ட்ராஸ் 1962 இல் வெளியிட்ட நூலொன்றில், சிற்றுருவின் கவர்ச்சி அதன் பகுதிகளுக்கு முன்னரே முழுமையை நாம் கைக்கொள்ளுவதில் உள்ளது என விளக்கினார். இக்கவர்ச்சியில் அறிவின் இன்பத்தோடு ஆதிக்கத்தின் இன்பமும் கலந்திருக்கின்றது. முழுமையைக் கைக்கொண்டவர் பகுதியைத் தேட மறக்கிறார்.

வரலாற்றிலிருந்து மூன்று வீடுகளைச் சான்றாகக் காட்டலாம். முதலாவது, சைபோண் தங்கிய அதே லா ஹே செயின்ற் பண்ணை. மேஜர் பாரிங் என்பவரின் தலைமையில் யேர்மன் வீரர் அதனைக் காத்தனர். போருக்கு முந்திய இரவு மழையில் நனைந்த துருப்புகள் அப்பண்ணைக் களஞ்சியத்தின் கதவைப் பெயர்த்து விறகாக எரித்தனர். மறுநாள் அக்கதவற்ற வாயிலிலேதான் கடும் போர் நிகழ்ந்தது. இப்பண்ணை பிளாஸ்ரிக்கு மாதிரியாக விற்கப்பட்டதுண்டு. கதவின் வரலாறு தெரிந்தவர் அதனை நீக்கிவிட்டே தீட்டுவார். கதவு காப்புக்கு வேண்டியது எனப் படைவரலாறு வருந்துகின்றது. அது ஓர் உழவரின் தானியத்துக்கு வேண்டிய கதவு என்பதும் உண்மையன்றோ?

இரண்டாவது, அதே களத்தின் ஊகோமொன் மாளிகை. எறிகுண்டுகளால் அது தீப்பற்றியது. களஞ்சியத்தில் கிடத்தப்பட்டிருந்த காயமுற்றோர் பலர் தீயில் மடிந்தனர். அம்மாளிகையின் தோட்டக்காரர் போர் நாளிலும் அங்கேயே இருந்தார் என்றொரு மரபுக் கதை உண்டு. அதன் உண்மை எவ்வாறாயினும், அப்படியொரு கதையைச் சொல்லாமல் இருக்க மக்களால் முடியவில்லை என்பது கவனிக்கத்தக்கது. தீப்பற்றிய வீட்டைப் பற்றிக் கேட்ட எவரும் முதலில் கேட்பது, உள்ளே யார் இருந்தார் என்பதே.

மூன்றாவது, ஸ்ராலின்கிராட் நகரின் நான்குமாடிக் குடியிருப்பு ஒன்று. 1942 இன் இறுதி மாதங்களில் ஏறத்தாழ இரு மாதகாலம் சிறு படையொன்று அதனை விடாது காத்தது; பவ்லோவ் என்ற சார்ஜன்ரின் பெயரால் அது பவ்லோவ் வீடு எனப் புகழ்பெற்றது. போர் விளையாட்டாளர் பெரிதும் விரும்பும் கட்டடங்களுள் அதுவும் ஒன்று. அதன் நிலக்கீழறையில் குடிமக்கள் இருந்தனர். நான்கு மாடிகளையும் யன்னல்களையும் நுணுக்கமாகத் தீட்டலாம். ஆயின் மாதிரி மேசையின்மீது நிற்கிறது. மேசைக்குக் கீழறை இல்லை. அக்குடிமக்கள் விதியிலிருந்து விடுபட்டது எவரது கொடுமையாலும் அன்று. அவர்களை வைப்பதற்குப் பொருளிலேயே இடமில்லாது போயிற்று. தீமை எப்போதும் தீய எண்ணத்திலிருந்து பிறப்பதில்லை. அமைப்பின் வசதியிலிருந்தும் பிறக்கலாம்.

5

இவ்வாதத்துக்கு எதிராகக் கூறத்தக்கவை சில உண்டு. அவற்றை ஒதுக்கிச் செல்லுதல் நேர்மையன்று.

விளையாட்டு விளையாட்டே, அதற்குள் வாழ்வின் அறத்தைப் புகுத்தலாகாது என்பர் சிலர். டச்சு வரலாற்றாசிரியரான ஹுயிசிங்கா 1938 இல் வெளியிட்ட தம் நூலில், விளையாட்டு நாளாந்த வாழ்விலிருந்து எல்லையிட்டு விலக்கப்பட்ட களத்தில், தன் விதிகளின்படியே நிகழ்வது எனக் காட்டினார். சதுரங்கத்தில் யானையை வெட்டுபவர் யானைக்காக அழுவதில்லை. அழ வேண்டும் என்பது நகைப்புக்குரியது. இதனை முற்றும் ஏற்கலாம். ஆயின் சதுரங்க யானை யானையைப் போலிருக்கிறேன் என்று கூறுவதில்லை. மாதிரி வீடோ கூறுகிறது. செங்கல்லின் நிறம் அந்த வட்டாரத்துக்கு உரியதா, ஓட்டின் வடிவு அக்காலத்துக்குப் பொருந்துமா, சட்டம் வெள்ளையா பச்சையா என்று தீட்டுபவரே தேடி அலைகிறார். தவறு கண்டால் வருந்துகிறார். விளையாட்டின் எல்லைக்குள் உண்மையை அழைத்தவர் அவரே. செங்கல்லில் உண்மையை வேண்டி நின்றவர், அச்செங்கல்லை அடுக்கி அதனுள் வாழ்ந்தவரைப் பற்றிய உண்மை வாயிலில் வந்து நிற்கும்போது, இது விளையாட்டு என்று சொல்லிக் கதவடைக்க முடியாது. இக்கடப்பாடு வெளியிலிருந்து சுமத்தப்படுவதன்று. அவர் மேற்கொண்ட கலையிலிருந்தே எழுவது.

இரண்டாவது மறுப்பு இதனிலும் வலியது. குடியிருப்போரின் சுவடுகளைச் சேர்த்தால் என்ன நிகழும்? கிழிந்த திரை, கவிழ்ந்த தொட்டில், இடிபாட்டிடையே ஒரு பொம்மை ஆகியவற்றையும் நுணுக்கமாகத் தீட்டலாம். காண்போர் வியப்பர். பார்ப்பதற்குத் துன்பந்தரும் பொருள்களின் செம்மையான உருவங்களில் மனிதர் இன்பங் காண்கின்றனர் என்று அரிஸ்ரோட்டில் அன்றே கூறினார். ஆகவே பிறரது துயரம் மேசைக்கு அழகு சேர்க்கும் ஒரு பொருளாகிவிடலாம். அவ்வாறாயின், கறுப்பாக விடப்பட்ட யன்னலே நாணமுடையது எனலாம். இம்மறுப்பில் உண்மை உண்டு. அலங்காரத்துக்காகச் சேர்த்த கண்ணீர், கண்ணீரின்மையிலும் இழிந்தது. இவ்விரண்டையும் வேறுபடுத்த ஓர் அளவுகோல் வேண்டும். அவ்வளவுகோல் இதுவாகலாம்: சேர்க்கப்பட்ட சுவடு ஆடுபவரிடமிருந்து எதனையேனும் கேட்கின்றதா? அவரைத் தயங்கச் செய்கின்றதா, அல்லது பாராட்டை மட்டும் பெற்றுச் செல்கின்றதா? எதனையும் கேளாத சுவடு அலங்காரம், கேட்பது நினைவு.

விதிகளும் மாறக்கூடியனவே. முற்றுகையிடப்பட்ட நகரில் வீரராக அன்றிக் குடிமக்களாகவே ஆடும் போலந்து நாட்டுக் கணினி விளையாட்டு ஒன்று 2014 இல் வெளிவந்தது; 1992 முதல் 1996 வரை முற்றுகைக்குள்ளான சரயேவோவின் அனுபவம் அதற்குத் தூண்டுதலாய் அமைந்தது. 2017 இல் அது மேசை விளையாட்டாகவும் வந்தது. அதில் வீடு காப்பன்று; குளிருக்கும் பசிக்கும் இடையே இரவைக் கழிக்க வேண்டிய இடம். எல்லா விளையாட்டும் அவ்வாறே அமைய வேண்டும் என்பது நம் கருத்தன்று. விளையாட்டின் இயல்பே குடிமக்களை விலக்குகின்றது என்ற கூற்று உண்மையன்று என்பதற்கு இஃதொன்றே போதும்.

இவ்வினா மேனாட்டாருக்கு மட்டும் உரியதுமன்று. தமிழின் புறத்திணை மரபு போரைப் பாடுதற்கென்றே வகுக்கப்பட்ட இலக்கணம். அதுவும் ஒருவகையில் போரை விதிகளுக்குள் அடக்கிய மாதிரியே. வெட்சி முதல் வாகை வரை ஒழுங்கான படிகள் அதற்கு உண்டு. வேந்தனைப் புகழ்வதே அதன் முதன்மை நோக்கு. ஆயினும், வஞ்சித் திணையிலே பகைவர் நாட்டில் எரி பரவுதலை அது தனித் துறையாக வகுத்தது. பிற்கால இலக்கணம் ஊர்களைக் கொள்ளையிடுதலுக்கும் துறை வகுத்தது. புறநானூற்றின் ஒன்பதாம் பாட்டு, அம்பு செலுத்துமுன் பசுக்களும் அந்தணரும் பெண்டிரும் பிணியுடையோரும் புதல்வரைப் பெறாதோரும் காப்பிடம் சேருமாறு அறிவிக்கும் மரபைக் கூறுகின்றது. அவ்வறிவிப்பு நடைமுறையில் எத்துணை பேணப்பட்டது என்பது வேறு வினா. அப்பட்டியலில் இடம்பெறாதோர் பற்றியும் வினவலாம். ஆயினும், போரைப் புகழ்ந்த மரபேகூட, ஊருக்குள் ஆட்கள் இருக்கின்றனர் என்பதை முதலிற் சொல்லிவிட்டே அம்பைத் தொடுத்தது. எரிந்தது வெறும் காப்பிடமன்று, ஊர் என்பதை அது மறைக்கவில்லை.

6

இவ்விதழின் வாசகர்களுக்கு இப்பொருள் ஓர் அயல்நாட்டுப் பொழுதுபோக்கு பற்றிய ஆராய்ச்சியாக மாத்திரம் தோன்றாது. 1983 முதல் 2009 வரை நீண்ட போரில் வீடுகள் என்னவாயின என்பதை நம்மிற் பலர் நூலில் வாசித்து அறிய வேண்டியதில்லை. வானூர்தியின் ஒலி கேட்டதும் யன்னலருகிலிருந்து குழந்தையை இழுத்துக்கொண்டு பதுங்குகுழிக்கு ஓடியவர் நம்மிடையே உள்ளனர். பல்லாண்டுகளின் பின் திரும்பிச் சென்று, கூரையும் கதவும் யன்னல் நிலைகளும் பெயர்க்கப்பட்டுச் சுவர் மட்டும் எஞ்சிய வீட்டின் முன் நின்றவரும் உள்ளனர். அத்தகையோர், இடிந்த வீடொன்று அழகிய பெட்டியில் அடைக்கப்பட்டு விற்கப்படுவதைக் கண்டால் சினங்கொள்ளுதல் இயல்பே.

எனினும் அச்சினம் முழுத் தீர்ப்பாகிவிடலாகாது. இடிந்த சுவரின் ஒவ்வொரு கல்லையும் ஓராண்டு தூசி படிந்ததுபோலத் தீட்ட முயலும் ஒருவர், அவ்வீட்டைக் கூரைமேலிருந்து கண்டு கடந்து சென்றவரிலும் அவ்வீட்டுக்கு அணுக்கமானவர். அவரிடம் பொறுமை உண்டு. உற்றுநோக்கும் பழக்கம் உண்டு. ஒளியைப் பற்றிப் பொய் சொல்லக்கூடாது என்ற நாணம் உண்டு. அறத்துக்கு வேண்டிய கருவிகள் பல அவர் கையில் ஏற்கெனவே உள்ளன. அவருக்கு எஞ்சியிருப்பது ஒரு வினாவே. தாம் தீட்டும் கறுப்பு, பகலில் ஓர் அறைக்குள் உள்ள கறுப்பா? இருட்டடிப்புத் திரையின் கறுப்பா? எரிந்துபோன உட்புறத்தின் கறுப்பா? அன்றி, அங்கே எவரும் இல்லை, எவரும் இருந்ததும் இல்லை என்று சொல்லும் கறுப்பா? முதல் மூன்றும் தூரிகையால் ஆக்கத்தக்க உண்மைகள். நான்காவதற்கு எந்த ஊரிலும் ஆதாரமில்லை.

நிறத்தில் இவை நான்கும் ஏறத்தாழ ஒன்றே. மேசையில் நிற்பவருக்கு வேறுபாடு தெரியாது போகவுங்கூடும். ஆயின் தீட்டியவருக்குத் தெரியும். உள்ளே ஓர் அறை உண்டென எண்ணித் தீட்டிய யன்னலின் மீது பின்னொரு நாள் பீரங்கியைத் திருப்பும்போது, அவர் கை ஒரு கணம் தாமதிக்கும். அத்தாமதம் ஆட்டத்தின் முடிவை மாற்றாது. வெல்ஸ் நம்பியதுபோல அது போரையும் ஒழிக்காது. ஆயினும் கீழே ஊர் உண்டு, ஊருக்குள் வீடுண்டு, வீட்டுக்குள் ஆளுண்டு என்று ஒருவர் தம் ஓய்வு நேரத்திலேனும் நினைக்கப் பழகுவது சிறிய பயனன்று. வரைபடத்தின் முன்னும் பொறியின் முன்னும் அமர்ந்து தீர்மானிப்போரிடம் அப்பழக்கம் இல்லாமையால் விளைந்ததை நாம் அறிவோம். மாதிரி வீட்டைச் செய்பவருக்கும் ஊரை ஆள்பவருக்கும் பொதுவான கடமை ஒன்றுண்டு. சுடுமுன் யன்னல் மட்டத்துக்குக் குனிந்து பார்த்தல் என்பதே அது.